பையில் இல்லாத தாள்

கம்பத்திலிருந்து மதுரைக்குப் போகும் காலைப் பேருந்தில், மடியில் ஜவுளிக்கடைப் பையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் இளம்பெண்கள் எல்லோரும் துணி எடுக்கப் போகிறவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிலருடைய பையில் இருப்பது மருத்துவக் காகிதங்கள். கல்யாணமாகி நான்கு வருடம் என்றால் பை நன்றாகவே கனக்கும். தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் அளவுகள், மாதவிலக்கின் இரண்டாம் நாள் எடுத்த ஸ்கேன், முட்டை வளர்கிறதா என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்த ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. சிலருக்கு வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பியும் முடிந்திருக்கும். பக்கத்தில் துணைக்கு அம்மாவோ மாமியாரோ வந்திருப்பார். கணவருக்குத் தோட்டத்தில் கவாத்து வேலை, வர முடியவில்லை.

அந்தப் பையில் கணவர் பெயர் போட்ட பரிசோதனைத் தாள் ஒன்று வேண்டும் என்று மருத்துவர் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "அவருக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர். நல்லாத்தான் இருக்காரு."

விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, வலி கிடையாது. ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவுக்குள்ளேயே முடிந்துவிடும். குழந்தையின்மைக்கான சோதனைகளில் இவ்வளவு எளிதானதும், ஒரே தாளில் இவ்வளவு சொல்லக்கூடியதும் வேறில்லை. அப்படியிருந்தும் நம் ஊர்களில் அது கடைசியாகத்தான் நடக்கிறது. கருத்தரிப்புச் சிகிச்சைகளைப் பற்றிய இந்த அத்தியாயத்தை ஊசி மருந்துகளிலிருந்தோ சோதனைக்குழாயிலிருந்தோ தொடங்காமல் அந்தத் தாளிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஓராண்டு காலம், கருத்தடை எதுவுமின்றி, ஒழுங்கான தாம்பத்திய உறவு இருந்தும் கரு தரிக்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்கிறது மருத்துவம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கட்டத்தைக் கடக்கிறார். அவர்களில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்கு ஆணின் பக்கம் முழுக் காரணமோ பாதிக் காரணமோ உண்டு. எனவே பெண்ணை மட்டும் சோதித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், பாதி வாய்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகும் மாதம்தான்.

"எனக்கென்ன கொறை?" என்று கேட்கும் ஆண் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவில் குறை எதுவும் இல்லை. விந்தகத்துக்குள் இரண்டு வேறு தொழில்கள் நடக்கின்றன. ஒன்று டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது. மீசை, குரல், தசை, ஆசை எல்லாம் அதன் கணக்கில் வரும். இன்னொன்று விந்தணு உற்பத்தி. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்கள் சுருண்டு மடிந்து கிடக்க, அவற்றின் உட்சுவரில் அது நடக்கிறது. ஹார்மோன் சுரக்கும் செல்கள் அந்தக் குழாய்களுக்கு வெளியே, இடைவெளிகளில் இருக்கின்றன. உள்ளே உற்பத்தி அடியோடு நின்றாலும் வெளியே சுரப்பு தொடரலாம். வெளிப்படும் விந்தின் அளவில் விந்தணுக்களின் பங்கு ஐந்து சதவீதம்கூட வராது. மற்றதெல்லாம் வேறு சுரப்பிகளின் திரவம். ஆகவே ஒரு விந்தணுகூட இல்லாத விந்து, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லாமல் இருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாமல் சொல்ல வழியே இல்லை.

இதைச் சொன்னாலும் ஊர் ஏற்பதில்லை. ஆண்மையும் பிள்ளை பெறும் திறனும் ஒன்றே என்று நம்பிப் பழகிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால் நம் பழங்கதைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மகாபாரதத்தில் பாண்டுவின் பிள்ளைகள் யாரும் பாண்டுவுக்குப் பிறந்தவர்கள் இல்லை. அவனுடைய தலைமுறைக்கு முந்தைய கதையும் அதேதான். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலைச் சுற்றி எழுந்த கூச்சலுக்கு நடுவே, அந்தக் கதைக்குள் இருக்கும் எளிய மருத்துவ உண்மையை யாரும் பேசவில்லை: வேறொருவரால் அந்தப் பிள்ளையில்லாத மனைவிக்குக் குழந்தை பிறக்கலாம் என்று ஊர் நினைக்கிறது என்றால், குறை யாரிடம் இருக்கக்கூடும் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியே சொல்வதுதான் கிடையாது.

மேற்கே மட்டும் ஆண்கள் முதலில் வரிசையில் நின்றார்கள் என்று எண்ண வேண்டாம். 1884-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் பான்கோஸ்டிடம் பிள்ளையில்லாத ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் வசதியான வியாபாரி. பான்கோஸ்ட் மனைவியைத்தான் முழுவதுமாகச் சோதித்தார். மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு சோதித்தார். அவளிடம் குறை ஒன்றும் அகப்படாத பிறகே கணவரின் விந்து மைக்ராஸ்கோப்புக்கு வந்தது. அதில் விந்தணுவே இல்லை. இளமையில் வந்த மேகவெட்டை செய்த வேலை. சில மாதச் சிகிச்சை பலிக்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணை இன்னொரு பரிசோதனை என்று அழைத்து, குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கி, மாணவர்களில் பார்க்க லட்சணமான ஒருவனின் விந்தை அவள் கருப்பையில் செலுத்தினார்கள். கணவரிடம்கூடப் பிறகுதான் சொன்னார்கள். அவர் மகிழ்ந்தாராம், மனைவிக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். ஆண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அறையில் இருந்த மாணவர்களில் ஒருவர் 1909-ல் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கொடையாளி விந்து மூலம் நடந்த கருத்தரிப்பு என்று மருத்துவ வரலாறு பதிவுசெய்திருக்கும் முதல் நிகழ்வு இது. முதல் நிகழ்விலேயே சோதனையெல்லாம் பெண்ணுக்கு, குறை ஆணுக்கு, ரகசியம் இருவருக்கும் நடுவில்!

சோதனை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பயம் பாதி அதிலேயே போய்விடும்.

இரண்டிலிருந்து ஏழு நாள்வரை உறவோ சுயஇன்பமோ இல்லாமல் இருந்துவிட்டு வரச் சொல்வார்கள். அகன்ற வாயுள்ள, சுத்தமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் விந்தைச் சேகரிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் பிடித்துவந்தால் பயனில்லை. அதன் மேல் பூசியிருப்பதே விந்தணுவைக் கெடுத்துவிடும். நல்ல ஆய்வகத்தில் இதற்கென்று தாழ்ப்பாள் உள்ள தனி அறை இருக்கும். பல சிறு ஊர்களில் கழிப்பறையைக் கைகாட்டிவிடுகிறார்கள். வெளியே பெஞ்சில் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்த கூட்டம், கதவு தட்டும் சத்தம். பாதி ஆண்கள் இந்த அறையை நினைத்தே நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டிலேயே சேகரித்துக் கொண்டுவரலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும், வழியில் குளிரவும் கூடாது, வெயிலில் காயவும் கூடாது. சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து எடுத்துவருவது நல்ல வழி. சுருளிப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு இது முடியும். கம்பத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேனிக்குப் பேருந்தில் முடியுமா என்பது அன்றைய பேருந்தைப் பொறுத்தது. மதுரைக்கு முடியவே முடியாது.

டப்பா வந்ததும் எடுத்த எடுப்பில் பார்ப்பதில்லை. கெட்டியாக இருக்கும் விந்து அரை மணி நேரத்தில் தானாக இளகும். அதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து எத்தனை விந்தணுக்கள் முன்னோக்கி நீந்துகின்றன, எத்தனை நின்ற இடத்திலேயே துடிக்கின்றன, எத்தனை அசையாமல் கிடக்கின்றன என்று எண்ண வேண்டும். அடுத்து, கட்டம் கீறிய கண்ணாடியில் எண்ணிக்கை. கடைசியாகச் சாயமேற்றி வடிவம். ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கே நல்ல நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் அச்சடித்துத் தரும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

எண்களைக் கண்டு பதறுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில், ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தமாக 3 கோடியே 90 லட்சம் விந்தணுக்கள் கீழ் எல்லையாகத் தரப்பட்டிருக்கின்றன. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் மிகக் குறைவாக இருந்த கடைசி ஐந்து சதவீதத்தினரின் மேல் விளிம்பில் போட்ட கோடு அது. அதாவது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்கு மேலே இருப்பதாலேயே குழந்தை உறுதி என்றும் பொருள் இல்லை. வடிவத்தில் நூற்றுக்கு நான்கு சரியாக இருந்தால் போதும். மீதி 96-க்கும் தலை கோணலோ வால் இரட்டையோ இருக்கும். அதுதான் மனித இனத்தின் வழக்கம். "96 சதவீதம் குறைபாடு" என்று தாளில் பார்த்துவிட்டு ஒருவாரம் சாப்பிடாமல் கிடப்பவர்கள் உண்டு.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள். வெளியேறும் வழியில் முதிர்வதற்கு இன்னும் சில நாட்கள். ஆக, இன்று டப்பாவில் இருப்பது இரண்டரை, மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கதை. ஆவணியில் டெங்கு வந்து படுத்தவர் கார்த்திகையில் சோதித்தால் எண்ணிக்கை சரிந்திருக்கலாம். தை, மாசியில் மீண்டிருக்கும். எனவே ஒரு தாளை வைத்து முடிவுகட்டக் கூடாது. மோசமாக வந்தால் இடைவெளி விட்டு இன்னொரு முறை.

இந்தக் குழாய்த் தொழிலைக் கெடுப்பவை எவை? பருவத்துக்குப் பிறகு வரும் பொன்னுக்கு வீங்கி விந்தகம் வரை இறங்கினால் கெடுக்கும். விரைப்பைக்குள் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருளும் வேரிகோசீல், பெரும்பாலும் இடப்பக்கம், அங்கே வெப்பத்தை ஏற்றும். உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். வேரிகோசீல் அறுவைசிகிச்சையில் பலருக்குச் சரியாகும். புகையும் மதுவும் தெரிந்ததே. தெரியாத ஒன்று, ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவுகளை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகப் பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனமே பல நாடுகளில் சோதித்து 1990-ல் முடிவு வெளியிட்டது. நன்றாக வேலை செய்தது! லாட்ஜில் அறை போட்டு மாதம் ஒரு தேதியில் 'ஆண்மைக் குறைவு' பார்க்க வருகிற ஆள் எதைப் பொட்டலம் கட்டித் தருகிறார் என்று யாருக்குத் தெரியும்?

கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1977-ல் கலிஃபோர்னியாவின் லேத்ராப் என்ற ஊரில், பூச்சிமருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தொழிலாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: தங்கள் பிரிவில் வேலை செய்பவர்களுக்குப் பல வருடங்களாகக் குழந்தையே பிறக்கவில்லை. நிர்வாகம் கண்டுபிடித்ததல்ல, மருத்துவர் கண்டுபிடித்ததல்ல. தொழிலாளிகளே கேட்ட கேள்வி. சோதனை செய்தார்கள். குடும்பக்கட்டுப்பாடு செய்துகொள்ளாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் சரியாக இருந்தது. ஆகவே எவருக்கும் எந்த அறிகுறியும் தெரியவில்லை. அவர்கள் கையாண்ட மருந்தின் பெயர் டைப்ரோமோகுளோரோபுரோப்பேன், சுருக்கமாக டிபிசிபி. வாழை, திராட்சை வேர்களைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்வதற்காக மண்ணில் செலுத்தப்பட்டது. எலிகளின் விந்தகத்தை அது சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வு 1961-லேயே அச்சாகியிருந்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்கள் பிறகு நீதிமன்றம் ஏறினார்கள். இந்தியாவிலும் இன்று அது தடைசெய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் காய்க்கும் பந்தல் என்றால் ஆண்டு முழுவதும் அடிச்சாம்பல், சாம்பல் நோய், ஆண்டு முழுவதும் மருந்து. பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கி அடிப்பதால் பாதி அடிக்கிறவர் தலையிலேயே இறங்குகிறது. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறவர்களுக்கும் மருந்து புதிதல்ல. இங்கே அடிக்கிற எந்த மருந்தும் டிபிசிபி செய்ததைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை; ஒவ்வொரு மருந்தும் வேறு. ஆனால் மருந்து அடிக்கிற ஒருவர் பிள்ளையில்லை என்று வந்தால் அவரிடம் தொழிலைக் கேட்காத மருத்துவர், பாதிக் கேள்வியை விட்டுவிடுகிறார். கையுறை, முகக்கவசம், அடித்து முடித்ததும் குளியல், அந்தச் சட்டையைத் தனியாகத் துவைப்பது ஆகியவற்றுக்கு யாரும் சிகிச்சை என்று பெயர் வைக்கவில்லை என்றாலும், 74 நாள் கணக்கில் அவையும் சேரும்.

சரி, எண்ணிக்கை குறைவு என்று தெரிந்துவிட்டது. அடுத்து?

ஓரளவு குறைவு என்றால், விந்தைக் கழுவி நன்றாக நீந்துபவற்றை மட்டும் பிரித்து, முட்டை வெடிக்கும் நாளில் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார்கள். ஐயுஐ என்பது இதுதான். ஒருமுறைக்கு நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குப் பலிக்கும். இளம் தம்பதிக்கு இயற்கையாகவே ஒரு மாதத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றில் இருபது, இருபத்தைந்துதான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது அவ்வளவு மோசமில்லை. மூன்று நான்கு முறைக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பெரிய பயன் இல்லை.

மிகமிகக் குறைவு என்றால் இக்ஸி. 1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் பலெர்மோவும் சக ஆய்வாளர்களும் அறிவித்த முறை. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் ஒரே ஒரு விந்தணுவை ஏற்றி முட்டைக்குள் நேராகச் செலுத்துவது. கோடிகள் தேவையில்லை, முட்டைக்கு ஒன்று போதும். விந்தில் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கு, வழி அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்று பார்க்க வேண்டும். அடைப்பு என்றால் விந்தகத்திலிருந்தே ஊசியால் எடுத்துவிடலாம். அதுவரை தத்து அல்லது கொடையாளி விந்து என்று மட்டுமே இருந்த ஆண்களுக்கு இது கதவைத் திறந்துவிட்டது. சென்ற நூற்றாண்டின் மருத்துவ வியப்புகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அதோடு ஒரு அநியாயமும் ஒட்டிக்கொண்டு வந்தது. குறை ஆணுக்கு, ஊசி பெண்ணுக்கு. முட்டைகள் பல வேண்டும் என்பதால் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் அவள்தான் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன், ரத்தம். மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கல், என்ன விஷயமாக வந்திருக்கிறாய் என்ற கேள்வி. மயக்கம் கொடுத்து ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பது. சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்து ஆபத்தாகவும் முடியலாம். முழுக்க முழுக்க நலமாக இருக்கும் பெண், கணவனின் குறைக்காக இவ்வளவையும் தாங்குகிறாள். ஊரில் மலடி என்ற பெயரும் அவளுக்கே. இன்னொன்று: விந்து சரியாக இருப்பவர்களுக்கும் இக்ஸியே செய்யும் வழக்கம் வளர்ந்துவிட்டது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் விந்து எண்ணிக்கை இயல்பாக இருந்த 1,064 தம்பதிகளிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், சாதாரணச் சோதனைக்குழாய் முறையான ஐவிஎஃப்-ஐவிட இக்ஸியால் குழந்தை பிறப்பது குறிப்பிடும்படி கூடவில்லை. தேவையா என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

பெண்ணின் பக்கம் குறையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சினைப்பையில் 'நீர்க்கட்டி' என்று ஊரில் சொல்லும் பிரச்சினை உண்மையில் கட்டியே அல்ல; வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகும். அதற்கு மேல் தேவையென்றால் மாத்திரை. லெட்ரோசோல் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து முட்டையை வளரச் செய்கிறது என்று தெரிந்து மருத்துவர்கள் பயன்படுத்தி வந்தார்கள். குழந்தைக்கு ஊனம் வரும் என்ற அச்சத்தில் 2011-ல் இந்திய அரசு இந்தப் பயன்பாட்டைத் தடைசெய்தது. 2014-ல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது: பழைய மருந்தான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்குக் குழந்தை, லெட்ரோசோலில் 27.5 சதவீதம். உலகமே அதை முதல் மருந்தாக எடுத்துக்கொண்ட பிறகு, 2017-ல் இங்கே தடை நீங்கியது. கருக்குழாய் அடைப்பு இன்னொரு காரணம்; நம் நாட்டில் அதன் பின்னால் காசநோய் ஒளிந்திருப்பதும் உண்டு. வயது எல்லாவற்றுக்கும் மேலே. ஆணுக்கு நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் புதிதாக உற்பத்தி. பெண்ணுக்குப் பிறக்கும்போது கொண்டுவந்த இருப்புதான். கணவரைச் சோதிக்காமல் கழிகிற வருடங்கள் அந்த இருப்பிலிருந்துதான் கழிகின்றன.

குழாய் இரண்டும் அடைத்த பெண்களுக்காகத்தான் ஐவிஎஃப் பிறந்தது. முட்டையும் விந்தணுவும் உடம்புக்கு வெளியே சந்தித்து, சில நாள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைப்பது. இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் 1978 ஜூலை 25-ல் லூயிஸ் பிரவுன் பிறந்தார். 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய கருவை 53 நாள் உறைய வைத்து, பிறகு தாயின் கருப்பையில் வைத்திருந்தார். இன்று உலகெங்கும் செய்வது அந்த உறைநிலை முறையைத்தான். அன்று மேற்கு வங்க அரசு குழு போட்டு விசாரித்து, நம்ப முடியாது என்றது. கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற பெயர் 1986-ல் பம்பாய் கேஇஎம் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குப் போனது. அந்தச் சாதனைக்குப் பின்னால் மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவோடு நின்ற அறிவியலாளர் டி.சி. ஆனந்த் குமார், முகோபாத்யாயவின் குறிப்புகளைப் படித்துப் பார்த்துவிட்டு, முதல் ஆள் நான் இல்லை, அவர்தான் என்று 1997-ல் எழுதினார். அறிவியலில் இப்படி எழுதுகிறவர்கள் குறைவு. சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தார்.

இன்று அந்தச் சென்னை, மதுரை மருத்துவம் சுவரொட்டியாகக் கம்பத்துக்கே வருகிறது. மண்டபத்தில் 'இலவச ஆலோசனை முகாம்', கீழே பெரிய எழுத்தில் வெற்றி சதவீதம். அந்தச் சதவீதத்துக்கு என்ன கணக்கு என்று கேளுங்கள். சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு வந்ததா, குழந்தை கையில் வந்ததா? ஒரு முறையிலா, பல முறை சேர்த்தா? எந்த வயதுப் பெண்களுக்கு? பிரிட்டனில் அரசுக் கண்காணிப்பு அமைப்பு ஒவ்வொரு மையத்திடமும் கணக்கு வாங்கி வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு ஒரு கரு வைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குழந்தையாகிறது. 43-ஐத் தாண்டினால் இருபதில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடுகிறது. சுவரொட்டியில் இருப்பது இதைவிட இரு மடங்கு என்றால், கணக்கு வேறு என்று பொருள். ஒரு முறைக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம்வரை ஆகும் என்பதால் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கிறார்கள், நகையை வங்கியில் வைக்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் தொடங்கியிருப்பது நல்ல தொடக்கம்தான். கம்பத்துக்கு அது வெகுதூரம்.

2021-ல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. கருத்தரிப்பு மையங்களுக்குப் பதிவு கட்டாயம். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 55 வரை வயது வரம்பு. 2019-ல் ஆந்திரத்தின் குண்டூரில் எழுபது வயது தாண்டிய பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பெறவைத்துப் படம் எடுத்துக்கொண்டது போன்றவை இனி நடக்கக் கூடாது. கருமுட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை. ஒரு கொடையாளியின் விந்தோ முட்டையோ ஒரே தம்பதிக்கு மட்டும். எதற்கும் சம்பந்தப்பட்டவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். ஃபிலடெல்ஃபியாவின் குளோரோஃபார்முக்கு இங்கே இடமில்லை. வாடகைத்தாய்க்குப் பணம் கொடுப்பது குற்றம். சட்டம் நடைமுறைக்கு வந்த 2022-லேயே ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம், வயதைக் கூட்டிக் காட்டிய அடையாள ஆவணத்தோடு, திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்து, தாயும் தரகரும் கைதானார்கள், ஸ்கேன் மையங்கள் மூடப்பட்டன. முட்டை வேண்டும் என்று சொல்லப்படுகிற தம்பதி, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய காரணம் அதுவே.

எதுவும் பலிக்காதவர்கள் இருக்கிறார்கள். எல்லாத் தாள்களும் சரியாக இருந்தும் காரணம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். "இன்னும் ஒரு முறை பார்க்கலாம்" என்ற சொல்லை மையங்கள் சுலபமாகச் சொல்கின்றன. நிறுத்தலாம் என்ற சொல் அங்கிருந்து வருவது அரிது. தத்தெடுப்பதை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதிப்படி, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. இணையத்தில் பதிவுசெய்த பிறகு முறை வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிகிச்சையில் இருப்பவர்கள் பதிவுசெய்யக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. 32 வயதில் மனைவியும் 37 வயதில் கணவரும் பதிவுசெய்தால் கூட்டுத்தொகை 69, கையில் எட்டு ஆண்டு இருக்கிறது. ஐந்து வருடம் மருத்துவமனைகளில் கழித்துவிட்டு வந்தால் 79, மூன்றே ஆண்டு.